வேட்டித் தோரணம்

"கார்டன் ரீச்சா? அங்க வர்றதுக்குப் பாஸ்போர்ட் வேணுமா?"

ரித்திகா இப்படிக் கேட்டதும் வகுப்பே சிரித்தது. வைஷாலியும் சேர்ந்து சிரித்து வைத்தாள். சிரிக்காமல் நின்றால் சுருக்கென்று தைத்துவிட்டது என்று தெரிந்துபோகுமே.

அப்பா ராஜ்மோகனுக்கு ஆற்றங்கரையோரம் கார்டன் ரீச்சிலிருக்கும் ரயில்வே தலைமை அலுவலகத்தில் வேலை; வீடும் ஊருக்கு ஒதுங்கிய அந்தப் பேட்டையில்தான். திருச்சியிலிருந்து மாற்றலாகி அவர்கள் கல்கத்தாவுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த இரண்டு வருஷத்தில் வைஷாலி ஒரு பிறந்தநாள் விருந்தையும் விட்டதில்லை. பீட்சா கடையில் ஒருத்திக்கு, கிளப் ஹாலில் ஒருத்திக்கு, பாலிகஞ்சில் மாடி முழுக்க பலூன் கட்டி ரித்திகாவுக்கு. எல்லாவற்றுக்கும் போய், கைதட்டி, கேக் தின்றுவிட்டு வந்தாள். இப்போது அவளுக்குப் பதினாறு பிறக்கப்போகிறது. எங்கே வைக்கப்போகிறாய் என்று யாரோ கேட்டபோது, "எங்க வீட்லதான். எல்லாரும் வரணும்" என்று பட்டென்று சொல்லிவிட்டாள்.

"தீம் என்ன?" என்று கேட்டாள் பக்கத்தில் உட்காரும் தியாஷா. கூடப் படிப்பவர்களில் வைஷாலியிடம் வங்காளி பேசிப் பேசிப் பழக்கியவள் அவள்தான்.

"கலர்."

"கலர்னா?"

"வந்து பாருங்க."

சொல்லிவிட்டாளே தவிர, பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தாள். கலர் என்றால் என்னவென்று அவளுக்கே தெரியாது.

வீட்டில் அம்மா அமலா விஷயத்தைக் கேட்டுவிட்டு முதலில் ஹாலைத்தான் சுற்றிப் பார்த்தாள். ரயில்வே குவார்ட்டர்ஸின் தரைத்தள வீடு. ஹாலிலேயே ஒரு கட்டில், ஃபிரிட்ஜ், அப்பாவின் சைக்கிள். சுவரில் மழை ஈரம் ஏறி ஏறி, பார்க்கிறவர் கண்ணுக்குத் தகுந்தபடி இலங்கையாகவும் ஆப்பிரிக்காவாகவும் தெரிகிற கறைகள்.

"இந்த ஹால்ல உங்க கிளாஸ் மொத்தமுமா?"

"மொத்தமும் இல்லம்மா. பொண்ணுங்க மட்டும்."

"சுவரை என்னடி பண்றது?"

"மறைக்கணும். ஒரு இஞ்ச் தெரியக்கூடாது."

அமலா ஒரு கறையை விரலால் சுரண்டிப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று வைஷாலி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கடையில வாங்குற ஜிகினாவெல்லாம் வேணாம். கேவலமா இருக்கும். கையால செய்யலாம்" என்றாள் அமலா.

அந்த வார இறுதியிலேயே தாயும் மகளும் கரியாஹாட்டுக்குப் போய், நடைபாதைக் கடைகளில் கலர் கலராகக் கிரேப் காகிதச் சுருள்களை வாங்கி வந்தார்கள். பிறகு தினமும் பள்ளிவிட்டு வந்ததும் கட்டில்மேல் காகிதம் பரப்பிக்கொள்வதுதான் வேலை. பூக்கள், விசிறிகள், கூடாரம்போல் தொங்கும் விளக்குக் கூண்டுகள், செதில் செதிலாக ஒட்டிய மீன்கள். புடவைக் கொசுவம் வைத்துப் பழகிய அமலாவின் விரல்கள் காகிதத்தை மடித்த வேகத்தில் வைஷாலியால் பாதிகூட எட்ட முடியவில்லை. ராஜ்மோகன் ஆபீஸ் விட்டு வந்ததும், "எனக்கு இதெல்லாம் வராது" என்று சொல்லிக்கொண்டே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு வெட்டுவார். வெட்டியது தண்டவாளம் மாதிரி நேராக இருக்கும். செய்து முடித்ததையெல்லாம் அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்கள். வீட்டில் வேறு இடம் கிடையாது.

பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை சாயங்காலம் பிடித்த மழை விடவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் வைஷாலி கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தாள். கணுக்கால் வரை தண்ணீர். தூக்கக் கலக்கத்தில் ஒன்றும் புரியவில்லை. பிறகு அந்தத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் ரோஜா, ஃபிரிட்ஜ் பக்கம் நீலம், இரண்டும் கலந்த இடத்தில் கத்திரிப்பூ நிறம். வாசல் கதவுக்கடியில் மஞ்சள் நாக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா!"

பெட்டிகளை இழுத்தபோது அட்டை கையோடு பிய்ந்து வந்தது. உள்ளே பூவும் இல்லை, மீனும் இல்லை. எல்லாம் சேர்ந்து களி கிண்டியதுபோல ஒரு குழம்பல். மேலாக வைத்திருந்த ஒரு விளக்குக் கூண்டு மட்டும் உருவம் கெடாமல் இருந்தது. அதையும் அவள் தூக்கியதும் அடி விட்டுப்போய் 'சொத்'தென்று தண்ணீரில் விழுந்தது.

வைஷாலி அழவில்லை. கட்டில்மேல் ஏறிக் கால்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அதுதான் அமலாவுக்கு என்னவோபோல் இருந்தது. மகள் கத்தி ஆர்ப்பாட்டம் செய்தாலாவது சமாதானம் சொல்லலாம்.

மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். ஒன்பது மணிவாக்கில் தண்ணீர் தானாகவே இறங்கத் தொடங்கியது. முட்டிவரை பேன்ட்டை மடித்துக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பிய ராஜ்மோகன் மகள் பக்கத்தில் வந்து நின்றார்.

"விடும்மா. பார்க் ஸ்ட்ரீட் பக்கம் நல்ல ஹோட்டலா பார்த்து எல்லாரையும் கூட்டிட்டுப் போயிடலாம். நான் ஏற்பாடு பண்றேன்."

"சரிப்பா."

அவர் போனதும் வைஷாலி போனை எடுத்தாள். வகுப்புக் குழுவில், வீட்டில் தண்ணீர் வந்துவிட்டது, பார்ட்டி வீட்டில் இல்லை என்று தட்டினாள். ரித்திகா இதற்கு என்ன பதில் போடுவாள் என்று மனதுக்குள் ஓடியது. அனுப்புகிற பட்டன்மேல் கட்டைவிரலை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

அமலா அதற்குள் அப்பாவின் பழைய கிழிந்த வேட்டி ஒன்றை எடுத்து, தரையில் தேங்கியிருந்ததை ஒற்றி ஒற்றி வாளியில் பிழிந்துகொண்டிருந்தாள். முதுகு வலி எடுத்ததும் வேட்டியை உதறி ஜன்னல் கம்பியில் விரித்துப் போட்டுவிட்டு டீ போட உள்ளே போனாள்.

வைஷாலி தலையைத் தூக்கினாள். வெளியே மேகம் கொஞ்சம் விலகி, ஜன்னல் வழியாக வெளிச்சம் வந்தது. அந்த வேட்டி ஒரு ஓரத்தில் ரோஜா, போகப் போகக் கத்திரிப்பூ, அடியில் ஆழமான நீலம். மடிப்பு விழுந்து சாயம் ஏறாத இடங்களில் வெள்ளைக் கீற்றுகள், மின்னல் வெட்டியதுபோல. எந்தக் கடையிலும் அப்படியொரு துணியை அவள் பார்த்ததில்லை.

"அம்மா, இது எப்படி வந்துச்சு?"

"எது?"

"இந்த வேட்டி."

அமலா டீ வடிகட்டியோடு எட்டிப் பார்த்தாள். "எப்படி வரும்? தரையைத் துடைச்சேன்" என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். அவளுக்கும் கண் அங்கேயே நின்றுவிட்டது. "நம்ம ஊர்ச் சுங்குடி மாதிரியில்ல இருக்கு!"

வைஷாலி போனில் தட்டியிருந்ததை அழித்தாள்.

"அந்தக் காகிதத்தை வெளிய கொட்டிடாதம்மா. ஒரு துணுக்குகூடக் கொட்டாத."

ஊறிப்போன காகிதத்தை நிறவாரியாகப் பிரித்து வாளிகளில் போட்டார்கள். வாளி போதவில்லை. மாடி வீட்டு சுதேஷ்ணா காக்கிமா, சத்தம் கேட்டு இறங்கி வந்தவள், சமாசாரத்தைக் கேட்டுவிட்டுத் தன் வீட்டு வாளிகளையும் ஒரு பெரிய அலுமினியக் குண்டானையும் இறக்கிக் கொடுத்தாள். வங்காளத்தில் அக்கம்பக்கத்துச் சித்திகளெல்லாம் காக்கிமாதான். இவள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறவள். கணவர் ஹவுராவில் ரயில்வே பட்டறையில் கணக்கு எழுதுகிறார்.

"கீழே ஈர வாடை அடிக்குது. மொட்டை மாடி சாவி என்கிட்டதான் இருக்கு. அங்க வையேன் பார்ட்டியை" என்றாள்.

"மழை வந்தா, காக்கிமா?"

"வந்தா நனையலாம். உனக்குப் பதினாறுதானே ஆகுது, எண்பதா?"

முதல் முயற்சி படுதோல்வி. தலையணை உறையை ரோஜாச் சாயத்தில் முக்கி எடுத்தபோது பிரமாதமாக இருந்தது. ஒருமுறை அலசியதும் நிறமெல்லாம் தண்ணீரோடு போய், கழுவிய பீட்ரூட் தோல்போல் வெளுத்துவிட்டது. இரண்டாவதும் அப்படியே. வைஷாலிக்கு எரிச்சல் முட்டியது. போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தாள். தண்ணீர் கொதிக்க வேண்டும், உப்பு வேண்டும், வினிகர் வேண்டும் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். எல்லாவற்றையும் செய்வது என்று முடிவெடுத்தாள். குண்டானை அடுப்பில் ஏற்றினார்கள். அமலா கல் உப்பை அள்ளிப் போட்டாள். காக்கிமா நூடுல்ஸுக்கு வைத்திருந்த வினிகர் பாட்டில் முழுதும் உள்ளே போனது. சாயத்தண்ணீர் தளதளவென்று கொதித்தது. துணியை முக்கி, மூடி வைத்து, ஆற விட்டு, அலசினார்கள்.

நிறம் நின்றது. வைஷாலி துணியை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள், இன்னொரு முறை அலசினாள், முறுக்கிப் பிழிந்தாள். நின்றது.

"புடிச்சிடுச்சும்மா! சாயம் புடிச்சிடுச்சு!" என்று கத்தியதில் மாடியிலிருந்து காக்கிமா என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள்.

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் வீட்டிலிருந்த வெள்ளைத் துணியெல்லாம் தீர்ந்துபோனது. இரண்டு படுக்கை விரிப்பு, தலையணை உறைகள், கிழிந்த வேட்டி, காக்கிமா கொடுத்த பழைய சேலை ஒன்று. சாயம் மட்டும் குண்டான் குண்டானாக மீதி இருந்தது. ராஜ்மோகனுக்கு அன்று அரை நாள். அவர் வந்ததும் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். கொடியில் எல்லாம் வரிசையாகத் தொங்கின.

அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கொடியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து பார்த்தார்.

"உண்மையைச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்கப்பா."

"துணி காயப்போட்ட மாதிரி இருக்கு."

வைஷாலிக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. ஒவ்வொரு துணியும் அழகாக இருந்தது. மாடியோ அத்தனை பெரிசு. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொங்கினால் சலவைநாள் மாதிரித்தானே இருக்கும்? அவளும் காலையிலிருந்து அதைப் பார்க்காதமாதிரி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"தலைக்கு மேல மூடணும்பா. வானமே தெரியக்கூடாது, துணிதான் தெரியணும். தண்ணித் தொட்டி பக்கத்துல அந்த இரும்புக் கம்பம் இருக்குல்ல, அதுல ஒரு முனையைக் கட்டி, நாலா பக்கமும் கைப்பிடிச் சுவருக்கு இழுத்துக் கட்டணும். குடை மாதிரி. அதுக்கு நீள நீளமா துணி வேணும். நம்மகிட்ட இல்ல."

ராஜ்மோகன் விடுவிடுவென்று படியிறங்கிப் போனார். கோபித்துக்கொண்டாரோ என்று நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் பரணில் கிடந்த ஒரு பழைய சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க மேலே வந்தார். அமலாவுக்குத் தெரிந்துவிட்டது.

"என்னங்க, அது புதுசுங்க!"

பெட்டியைத் திறந்தார். உள்ளே வேட்டிகள். அட்டை வைத்து மடித்து, கண்ணாடிக் காகிதம் சுற்றியபடி, கடை வாசனையோடு. சின்னக் கரை, பெரிய கரை, ஜரிகைக் கரை. சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று போன இடத்திலெல்லாம் தட்டில் வைத்துக் கொடுத்தவை. ஊர் ஊராக மாற்றலில் கூடவே வந்தவை.

"ரிடையர் ஆனதும் தினம் ஒண்ணு கட்டலாம்னு வச்சிருந்தேன்" என்றார் ராஜ்மோகன்.

"அப்போ வேணாம்பா."

"புதுசாவே இருந்து என்ன பண்ணுது? பெட்டிக்குள்ள இருக்கு. எனக்கு ஒரே பொண்ணு, அவளுக்குப் பதினாறு வயசு ஒரு தடவைதான் வரும்." முதல் வேட்டியை எடுத்துக் கண்ணாடிக் காகிதத்தைக் கிழித்தார். "எடும்மா. சீக்கிரம். நான் மனசு மாறுறதுக்குள்ள."

வைஷாலி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். முழங்கைவரை நீலமாக இருந்த அவள் கை அவர் ஆபீஸ் சட்டையில் அப்படியே பதிந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

"புது வேட்டியில கஞ்சி இருக்கும், சாயம் ஏறாது. முதல்ல அலசணும்" என்று அமலா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். அதற்குப்பின் அந்த வீட்டில் யாரும் உட்காரவில்லை. ராஜ்மோகன் அலசினார், அமலா முக்கினாள், வைஷாலி முடிச்சுப் போட்டாள். சிலவற்றில் அரிசியும் பருப்பும் வைத்து நூல் கட்டினாள். சிலவற்றை விசிறியாக மடித்து ஓரங்களை மட்டும் தோய்த்தாள். பச்சை வேண்டும் என்று தோன்றியபோது மஞ்சளையும் நீலத்தையும் கலந்தாள். காக்கிமா தன் வீட்டில் மின்விசிறியைப் போட்டு நாற்காலிகளின்மேல் காயவைத்தாள். அரைகுறையாகக் காய்ந்ததை ராஜ்மோகன் இஸ்திரி போட்டார். ஜரிகை மட்டும் எந்தச் சாயத்துக்கும் மசியாமல் பளபளவென்று நின்றது.

வெளிச்சம் இருக்கும்போதே முதல் இரண்டு வேட்டிகளை இழுத்துக் கட்டிப் பார்த்தார்கள். வைஷாலி அவற்றின் கீழே போய் நின்றாள்.

"ஏய், உன்னைப் பாரு!" என்றாள் அமலா.

அவள் போட்டிருந்த வெள்ளை டி-ஷர்ட் பாதி ரோஜாவாகவும் பாதி பச்சையாகவும் மாறியிருந்தது. சாயம் படவில்லை. வெளிச்சம்தான். வைஷாலி கையை நீட்டி நீட்டிப் பார்த்தாள். பிறகு போனை எடுத்துக் குழுவில் ஒரே வரி போட்டாள்: எல்லாரும் வெள்ளை உடுப்பில் வரவும்.

'இது என்ன, சாவு வீடா?' என்று ரித்திகா பதில் போட்டாள். வைஷாலி கண்டுகொள்ளவில்லை. அவளுக்கு நேரமில்லை.

ஞாயிறு மத்தியானம் மாடி தயாராகிவிட்டது. கம்பத்து உச்சியிலிருந்து எல்லாப் பக்கமும் வேட்டிகள் இறங்கின. காற்றடித்தால் பாய்மரம்போல் உப்பின. படுக்கை விரிப்புகள் கைப்பிடிச் சுவரை மறைத்தன. தலையணை உறைகளைக் கத்தரித்து முக்கோண முக்கோணமாகத் தோரணம் கட்டியிருந்தார்கள். கீழே அமலா எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கேசரியும் முடித்திருந்தாள். காக்கிமா வீட்டில் லூச்சிக்கு, அதாவது மைதா பூரிக்கு, மாவு பிசைந்து வைத்தாகிவிட்டது. ராஜ்மோகன் கடைசியாக மிஞ்சிய ஒரு வேட்டியையும் மயில்கழுத்து நிறத்தில் தோய்த்து, அதையே கட்டிக்கொண்டு, ஜிப்பாவோடு வந்து நின்றார். மாப்பிள்ளை தோற்றான்.

அப்போதுதான் வந்தது மழை. பத்து நிமிஷம்தான். ஆனால் வானத்தையே கவிழ்த்ததுபோல் கொட்டியது. வேட்டிகள் நனைந்து தொய்ந்தன. வைஷாலி மாடிப்படி முகப்பில் நின்றபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொட்டிய தண்ணீரில் லேசான நிறம் இருந்தது, அவ்வளவுதான். மேலே சாயம் அசையவில்லை. மழை நின்று காற்று கிளம்பியதும் வேட்டிகள் சடசடவென்று அடித்துக்கொண்டு மறுபடி நிமிர்ந்தன.

நான்கு மணி ஆயிற்று. யாரும் வரவில்லை. வைஷாலி மேலும் கீழுமாக நடந்தாள். போன் அடித்தது. தியாஷா.

"வைஷா, நாங்க மெயின் ரோடு முக்குல நிக்கிறோம். எல்லாரும் இங்கதான் இருக்கோம். உங்க தெருவுல முழங்கால் அளவு தண்ணி. கேப்காரங்க எல்லாம் இறக்கிவிட்டுட்டுப் போயிட்டாங்க. ஆட்டோ வரமாட்டேங்குது. ரித்திகா திரும்பிப் போயிடலாம்ங்கிறா. வெள்ளை டிரஸ்ஸு வேற."

வைஷாலி கைப்பிடிச் சுவர்ப் பக்கம் போனாள்.

"யாரும் போகக் கூடாது. அங்கயே நில்லுங்க. நான் வர்றேன்."

"எப்படி வருவ?"

அவளுக்குத் தெரியவில்லை. மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். இன்னும் அடைத்துக்கிடந்த சாக்கடையிலிருந்து பொங்கிய தண்ணீர் வீட்டு வாசற்படிவரை வந்து நின்றிருந்தது. தெருவில் ஒரு சைக்கிள் வேன், முன்னால் சைக்கிள், பின்னால் பலகை போட்ட வண்டி, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு காலியாக வந்துகொண்டிருந்தது. இந்த மாதிரி நாளில் அங்கே ஓடுகிற ஒரே வண்டி அதுதான்.

"தாதா! வேன் தாதா! நில்லுங்க!" என்று, அண்ணனைக் கூப்பிடுகிற வங்காளி வார்த்தையால் கத்திக்கொண்டே படிகளில் இறங்கி ஓடினாள். பாதியில் நின்று, திரும்ப மேலே ஓடி, கைப்பிடிச் சுவரிலிருந்து இரண்டு படுக்கை விரிப்புகளையும், தோரணத்தில் ஒரு சரத்தையும் உருவிக்கொண்டாள்.

வேன்காரர் உத்தமன் மண்டல், விஷயத்தைக் கேட்டதும் பீடியை அணைத்தார். "பிறந்தநாளா? ஏறு, ஏறு" என்றார். ராஜ்மோகனும் மயில்கழுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார். பலகைமேல் மஞ்சள் விரிப்பு ஒன்று. இரண்டு பக்கமும் தொங்குகிறமாதிரி ரோஜா விரிப்பு ஒன்று. தோரணச் சரத்தை ஹேண்டில்பாரில் சுற்றினாள். கிளம்பினார்கள். ராஜ்மோகன் பின்னாலிருந்து தள்ளினார்.

முக்கில் ஒரு மருந்துக்கடைப் படிக்கட்டில் வெள்ளை வெள்ளையாக நெருக்கியடித்து நின்றுகொண்டிருந்தார்கள் அவள் வகுப்புப் பெண்கள். தண்ணீரில் மிதப்பதுபோல் கலர் தேர் ஒன்று வருவதையும், அதன்மேல் வைஷாலி நின்றுகொண்டு கையாட்டுவதையும் முதலில் பார்த்தவள் தியாஷாதான். அவள் கூவிய கூவலில் மருந்துக்கடைக்காரரே வெளியே வந்துவிட்டார்.

"பாஸ்போர்ட் எல்லாம் வேணாம். காலை மேல தூக்கிட்டு உக்காருங்க. போதும்" என்றாள் வைஷாலி.

மொத்தப் பேரையும் கொண்டுவர இரண்டு நடை அடிக்க வேண்டியிருந்தது. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோதெல்லாம் அத்தனை பேரும் ஒன்றாக அலறினார்கள், அலறிவிட்டுச் சிரித்தார்கள். பால்கனிகளில் ஆட்கள் வந்து நின்றார்கள். யாரோ ஒரு வீட்டம்மா மாடியிலிருந்து சங்கு ஊதினாள். அந்த ஊரில் சங்கு நல்ல காரியத்துக்குத்தான்; கல்யாண ஊர்வலம் என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ. ரித்திகா முதலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தபடி உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில் பார்த்தால் அவள்தான் எல்லாரையும்விட அதிகமாகக் கத்திக்கொண்டிருந்தாள்.

வீடு வந்தது. கீழே நிற்காமல் நேராக மாடிப்படிக்குக் கூட்டிப்போனாள் வைஷாலி. கதவைத் திறந்து, ஒதுங்கி நின்றாள்.

சாயங்கால வெயில் அப்போதுதான் மேகத்துக்கு அடியிலிருந்து, நதிப்பக்கமாகச் சாய்வாக வந்தது. வேட்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டதுபோல் ஒளிர்ந்தன. ரோஜா, குங்குமம், மாந்தளிர், நீலம், வெங்காயத் தோல் நிறம், பெயரே இல்லாத நிறங்கள். அரிசி வைத்துக் கட்டிய இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். ஜரிகைக் கரைகள் தங்கக் கோடு இழுத்தன. அதற்கு அப்பால், கப்பல் கட்டும் தளத்தின் பாரந்தூக்கிகளுக்கு மேலே, அந்த ஊரில் பட்டம் விடும் நாளான விஸ்வகர்மா பூஜைக்கு முன்கூட்டியே விட ஆரம்பித்திருந்த பட்டங்கள்.

எல்லாரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். வைஷாலி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிடிக்கவில்லையோ?

தியாஷா ஓரடி எடுத்து உள்ளே வைத்தாள். அவளுடைய வெள்ளைக் குர்த்தி மஞ்சளாயிற்று. இன்னும் ஓரடி வைத்தாள். பச்சை. அவள் கீழே குனிந்து தன்னையே பார்த்துக்கொண்டாள். "ஏ... என்னைப் பாருங்களேன்!" என்று ஓடினாள், நிறம் மாறிக்கொண்டே ஓடினாள். அவ்வளவுதான், மடை உடைந்ததுபோல் எல்லாரும் உள்ளே பாய்ந்தார்கள். நீலத்தில் ஒரு கூட்டம், ரோஜாவில் ஒரு கூட்டம். 'நீ இப்போ என்ன கலர், நான் இப்போ என்ன கலர்' என்று ஒரே சத்தம். போன்கள் படம் பிடித்துத் தள்ளின.

ரித்திகா மட்டும் கம்பத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வைஷாலி பக்கத்தில் போனதும் மெதுவாகக் கேட்டாள், "யாரு டெகரேட் பண்ணது? எந்த ஈவென்ட் ஆளுங்க?"

"நாங்கதான். அம்மா, அப்பா, நான், மேல் வீட்டுக் காக்கிமா." நகக்கண்ணெல்லாம் நீலமும் சிவப்பும் ஏறிய விரல்களை விரித்துக் காட்டினாள். "இன்னும் போகவே இல்ல, பாரு."

ரித்திகா அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்கு ஜனவரியில பர்த்டே. வந்து செஞ்சு தருவியா?"

"செஞ்சு தர மாட்டேன். நீயும் கை வைக்கணும். வச்சா வர்றேன்."

"வைக்கிறேன்" என்றாள் ரித்திகா. நக்கல் இல்லாமல் அவள் பேசி வைஷாலி கேட்டது அதுதான் முதல் தடவை.

கேக்கை நீலத்துக்குக் கீழே வைத்து வெட்டினார்கள். வெள்ளைக் கிரீம் வான நிறத்தில் இருந்தது. முதல் துண்டை அப்பாவுக்கு ஊட்டினாள், அடுத்ததை அம்மாவுக்கு. அமலா வாயில் கேக்கோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேசரிப் பாத்திரத்தைத் தேடிப் போனாள். காக்கிமாவின் லூச்சி உப்பி உப்பி மேலே வந்துகொண்டே இருந்தது. உத்தமன் மண்டலும் மேலே வந்து எலுமிச்சை சாதத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். 'இவ்வளவு நல்ல வேட்டியை அறுத்துக் கிழிக்காம தொங்கவிட்டிருக்கீங்களே, புத்திசாலிங்க' என்று ராஜ்மோகனிடம் சொன்னார். ராஜ்மோகன் தன் ஹிந்தியில் பெட்டி வேட்டிகளின் பூர்வோத்தரத்தை ஒவ்வொன்றாக அவருக்குச் சொல்லத் தொடங்கிவிட்டார். எது எந்தக் கல்யாணம், எது யார் வீட்டுக் காதுகுத்து என்று.

இருட்டத் தொடங்கியதும் காக்கிமா தன் வீட்டு சீரியல் விளக்குச் சரத்தைக் கொண்டுவந்து கம்பத்தில் சுற்றினாள். நிறங்கள் மறுபடி உயிர்பெற்றன. யாரோ போனை ஒலிபெருக்கியில் மாட்டினார்கள். வங்காளிப் பாட்டு, ஹிந்திப் பாட்டு, பிறகு தியாஷாவே வற்புறுத்தி ஒரு தமிழ்ப் பாட்டு. வார்த்தை ஒன்றும் தெரியாமல் எல்லாரும் அதற்குத்தான் அதிகம் ஆடினார்கள்.

அமலா எட்டிப் பார்த்தாள். தெருவில் தண்ணீர் சுத்தமாக வடிந்திருந்தது. ஆட்டோக்கள்கூட ஓடிக்கொண்டிருந்தன. "பசங்களா, ரோடு காஞ்சிடுச்சு. வீட்டுல தேடுவாங்க, கிளம்புறவங்க கிளம்பலாம்" என்று ஹிந்தியில் சொல்லிப் பார்த்தாள். ஒருத்தியும் அசையவில்லை.

ரித்திகாவின் போன் அடித்தது. அவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, ரோஜா வேட்டிக்கடியில் நின்றபடி சத்தமாகப் பேசினாள்.

"ஆமாப்பா, இன்னும் இருக்குப்பா தண்ணி. நிறைய இருக்கு. இப்ப கார் எடுத்துட்டு வராதீங்க, மாட்டிக்குவீங்க. வடிஞ்சதும் நானே சொல்றேன்."

போனை வைத்துவிட்டு, பாட்டை இன்னும் கொஞ்சம் சத்தமாக வைக்கச் சொன்னாள். வைஷாலி அவள் கையைப் பிடித்து நடுவில் இழுத்துக்கொண்டு ஆடப் போனாள்.